பேரேட்டைத் தொடாமல் கணக்கெழுதும் உரிமை

வங்கியில் உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? இரும்புப் பெட்டிக்குள் உங்கள் பெயர் எழுதிய உறையில் அல்ல. கணிப்பொறியில் உள்ள ஓர் அட்டவணையில், உங்களுக்குரிய வரிசையில், வெறும் ஓர் எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணைக் காசாளர் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் நீங்கள் பணம் கட்டவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஆனால் தம் விருப்பம்போல் அவர் அதை மாற்ற முடியுமானால் என்ன ஆகும்? உங்கள் 5,000 வெறும் 50 ஆகலாம். வேறொருவரின் 50 திடீரென 5,000 ஆகலாம். இரும்புப் பெட்டியை உடைக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.

தேர்வு மதிப்பெண், நிலப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, ஓய்வூதியப் பட்டியல் ஆகியவையும் கணிப்பொறியில் ஏறியபின் இதே நிலையில்தான் உள்ளன. ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. பேரேட்டைத் தொடும் உரிமையைத் தராமலே, அதில் முறைப்படி கணக்கெழுதும் உரிமையை மட்டும் ஒருவருக்குத் தர முடியுமா?

முடியும். அதற்கென ஒரு வழி உண்டு. கணக்கெழுதும் முறையைத் தகவல் தளத்தின் உள்ளேயே ஒரு நிரலாக எழுதி வைத்துவிட்டு, அந்த நிரலை இயக்கும் அனுமதியை மட்டும் பிறருக்கு வழங்குவதே அவ்வழி. இத்தகைய நிரலை 'ஸ்டோர்டு புரொசீஜர்' என்பர். நாம் அதைச் 'சேமித்த செயல்முறை' என்று அழைப்போம். இது ஒரே நாளில் ஒருவருக்கு உதித்த எண்ணமன்று. பல ஆய்வுக்கூடங்களில், பல ஆண்டுகள் சிறிது சிறிதாக வளர்ந்தது. அந்த வரலாற்றையும், அதனுள் ஒளிந்திருக்கும் ஓர் அபாயத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே பொறி, பல பேர்

தொடக்க காலக் கணிப்பொறிகளில் அனுமதி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. பொறி ஒரு நேரத்தில் ஒருவரின் வேலையை மட்டுமே செய்தது. வேலை முடிந்ததும் அவர் தம் துளை அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்தவர் வருவார். ஒருவர் தகவலில் இன்னொருவர் கை வைக்க வாய்ப்பே இல்லை.

இந்த நிலை 1961ஆம் ஆண்டு நவம்பரில் மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப் பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டினர். பலர் தனித்தனியே தட்டச்சு முனையங்களின் முன் அமர்ந்து, ஒரே கணிப்பொறியை ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி பிறந்தது. எல்லாருடைய கோப்புகளும் ஒரே பொறியில் தங்கின. எனவே யார் எவர் என்று பிரித்தறியக் கடவுச்சொல் தேவைப்பட்டது.

கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரு கோப்பில் இருந்தன. 1960களின் நடுவில் ஒரு நாள், அமைப்பை நிருவகிப்போரில் ஒருவர் அந்தக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் அன்றாட அறிவிப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரலோ இருவருக்கும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தியது. விளைவு, இரண்டு கோப்புகளின் உள்ளடக்கமும் இடம் மாறிவிட்டன. அதன்பின் அமைப்பினுள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! கார்பட்டோ பின்னாளில் தமது டியூரிங் பரிசுச் சொற்பொழிவில் இந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறினார்.

இங்கே யாரும் திருடவில்லை. யாரும் பொய்ப் பெயரில் நுழையவுமில்லை. பிறகு குறை எங்கே? மிக முக்கியமான ஒரு கோப்பு, சாதாரணக் கோப்பைப் போலவே, சாதாரணத் திருத்தும் நிரலால் கையாளப்பட்டது. அதுதான் குறை. வந்தவர் யார் என அறிவது ஒன்று. அவர் எதை, எந்த வழியாகச் செய்யலாம் என வரையறுப்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குக் கடவுச்சொல்லில் விடை இல்லை.

வட்டங்களும் வாயில்களும்

இரண்டாவது கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர்கள் மல்டிக்ஸ் அமைப்பை உருவாக்கியோர் ஆவர். எம்.ஐ.டி., பெல் ஆய்வுக்கூடம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1960களின் நடுவில் இத்திட்டத்தைத் தொடங்கின.

ஒரு கோட்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றனுள் ஒன்றாகப் பல மதில்கள். நடுவில் கருவூலம். மல்டிக்ஸில் நிரல்கள் இவ்வாறே ஒன்றனுள் ஒன்றான வட்டங்களில் வைக்கப்பட்டன. உள்வட்டத்து நிரலுக்கு அதிகாரம் மிகுதி. வெளிவட்டத்து நிரலுக்குக் குறைவு. வெளியிலுள்ள நிரல் உள்ளே ஓர் உதவி வேண்டுமானால் மதிலைத் தாண்டிக் குதிக்க முடியாது. குறிப்பிட்ட வாயில் வழியே மட்டும் கேட்கலாம். வாயிலில் இருக்கும் நிரல், கேட்டது முறையானதா என்று பார்த்து, வேலையைத் தானே செய்து, விடையை மட்டும் வெளியே அனுப்பும்.

நமது கதையின் வித்து இதுதான். பொருளைத் தொடும் உரிமை வேறு. வாயிலை அணுகும் உரிமை வேறு என்று இவ்வமைப்பு பிரித்துக் காட்டியது.

பெல் ஆய்வுக்கூடம் 1969இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்குப் பணியாற்றிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் எளிய அமைப்பை உருவாக்கினர். எளிமையிலும் பழைய சிக்கல் இருக்கவே செய்தது. ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் கடவுச்சொற்கள் உள்ள கோப்பில் எழுதும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தால், ஒருவர் மற்றவருடையதையும் மாற்றிவிடுவாரே!

ரிச்சி கண்ட தீர்வு வியக்கத்தக்க அளவு சிறியது. ஒரு நிரலுக்குரிய குறிப்புகளுடன் கூடுதலாக ஒரே ஒரு பிட் சேர்த்தார். அந்தப் பிட் 1 என்றிருந்தால், நிரலை இயக்குபவர் யாராக இருந்தாலும், நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும். கடவுச்சொல் மாற்றும் நிரலுக்கு இந்தப் பிட் உண்டு. ஆகவே சாதாரணப் பயனர் அதை இயக்கும்போது, அந்த நேரத்துக்கு மட்டும், அந்த ஒரு வேலைக்கு மட்டும், தலைமை நிருவாகியின் அதிகாரம் செயல்படுகிறது. நிரலோ, இயக்குபவருடைய சொந்தக் கடவுச்சொல்லைத் தவிர வேறு எதையும் மாற்றாது. இதற்கான காப்புரிமை 1973இல் கோரப்பட்டு, 1979இல் வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது.

இதே காலத்தில், 1975இல், மல்டிக்ஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணிப்பொறியில் தகவலைக் காப்பது பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அதில் அவர்கள் எட்டு நெறிகளைத் தொகுத்துத் தந்தனர். அவற்றுள் இரண்டு நமக்கு இங்கே தேவை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரமே போதும் என்பது ஒன்று. வெளிப்படையாக அனுமதி வழங்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைகள் வந்தன

இதுவரை கண்டவை கோப்புகளையும் நிரல்களையும் பற்றியவை. இனித் தகவல் தளத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருந்தொகையான தகவல்களை எளிய அட்டவணைகளாகவே பயனருக்குக் காட்ட வேண்டும். அவை பொறியினுள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்ற கவலை அவருக்கு வேண்டியதில்லை என்று அதில் வாதிட்டார். இதுவே 'ரிலேஷனல்' எனப்படும் அட்டவணை முறைத் தகவல் தளத்தின் பிறப்பு. காட் இதற்காக 1981இல் டியூரிங் பரிசு பெற்றார்.

அவருடைய எண்ணத்தைச் செயலில் காட்ட அதே ஆய்வுக்கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற சோதனை அமைப்பு உருவாயிற்று. அதற்காக டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் அறிமுகப்படுத்திய வினவு மொழியே இன்று எஸ்.க்யூ.எல். என்னும் பெயரில் உலகெங்கும் வழங்குகிறது.

சிஸ்டம் ஆர் பலர் பயன்படுத்தும் அமைப்பு. எனவே அனுமதிச் சிக்கல் அங்கும் தலைதூக்கியது. பெட்ரீசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்டு வேட் ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு விடை கூறியது. அவர்கள் வகுத்த முறை இது. ஓர் அட்டவணையை உருவாக்கியவரே அதன் முழு உரிமையாளர். அவர் படிக்கும் உரிமை, சேர்க்கும் உரிமை, மாற்றும் உரிமை, நீக்கும் உரிமை ஆகியவற்றைத் தனித்தனியே பிறருக்கு வழங்கலாம். அதற்கான கட்டளை 'கிராண்ட்'. வழங்கியதைத் திரும்பப் பெறும் கட்டளை 'ரிவோக்'. பெற்றவர் அதை மேலும் பிறருக்கு வழங்கும் அதிகாரத்தையும் விரும்பினால் சேர்த்தே கொடுக்கலாம்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. மேலாளர் கணக்கருக்கு உரிமை தருகிறார்; கணக்கர் அதை எழுத்தருக்குத் தருகிறார். பிறகு மேலாளர் கணக்கரிடமிருந்து உரிமையைத் திரும்பப் பெறுகிறார். எழுத்தரின் உரிமை என்ன ஆகும்? மேலாளர் கணக்கருக்கு உரிமை தராமலே இருந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்குமோ, அப்படியே ஆக வேண்டும் என்றனர் ஆய்வாளர்கள். அதாவது எழுத்தரின் உரிமையும் போய்விடும். அவருக்கு வேறு வழியில் உரிமை வந்திருந்தால் மட்டும் நிலைக்கும். இதைக் கணக்கிட ஒவ்வோர் அனுமதியும் எப்போது வழங்கப்பட்டது என்ற நேரத்தையும் குறித்து வைத்தனர்.

ஆயினும் ஒரு ஓட்டை இருந்தது. ஒரே நபர் ஒரே உரிமையை ஒருவருக்கே மீண்டும் வழங்கும்போது அந்த இரண்டாவது நேரமும் குறிக்கப்படாவிட்டால், நியாயமாக நிலைக்க வேண்டிய உரிமையும் சில வேளைகளில் பறிபோய்விடும். ரொனால்டு ஃபேகின் 1978இல் இதைச் சுட்டிக்காட்டி, திருத்திய முறை சரியானதே என்பதைக் கணித வழியில் நிறுவினார். அனுமதி வழங்குதல் என்னும் அலுவலக நடைமுறை, தேற்றம் எழுதி மெய்ப்பிக்க வேண்டிய கணிதமாகவும் ஆகிவிட்டதைப் பாருங்கள்.

எங்கே போதவில்லை?

இப்போது நம் காசாளரிடம் திரும்புவோம். 'கணக்குகள்' என்ற அட்டவணையில் 'இருப்பு' என்ற பத்தியை மாற்றும் உரிமையை அவருக்கு வழங்கிவிட்டோம். அவர் 5,000 என்பதை 4,500 ஆக்கலாம். அது முறையான 500 ரூபாய் பட்டுவாடா. ஆனால் அதே உரிமையைக் கொண்டு 4,500 என்பதை 45 ஆகவும் ஆக்கலாம். தகவல் தளத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, இரண்டும் 'மாற்றுதல்'தான்.

எந்த வரிசைகளை, எந்தப் பத்திகளைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்த 'வியூ' எனப்படும் காட்சி அட்டவணைகள் உதவின. ஒரு கிளையின் கணக்குகளை மட்டும் அந்தக் கிளை ஊழியர் காணும்படி செய்யலாம். ஆனால் எதை மாற்றலாம் என்பதைத்தான் அவை வரையறுத்தன. எந்த விதிப்படி மாற்றலாம் என்பதை வரையறுக்க அவை போதவில்லை.

இதற்கும் ஐ.பி.எம். அமைப்புகளில் ஒரு முன்னோடி வழி இருந்தது. சிஸ்டம் ஆர் ஆய்வின் பயனாக 1981இல் எஸ்.க்யூ.எல்./டி.எஸ். என்ற விற்பனைத் தயாரிப்பும், 1983இல் டி.பி.2 என்ற தயாரிப்பும் வெளிவந்தன. இவற்றில் ஒரு நிரலினுள் எழுதப்பட்ட எஸ்.க்யூ.எல். கட்டளைகள் முன்கூட்டியே ஆராயப்பட்டு, இயங்கத் தயாரான வடிவில் தகவல் தளத்தில் வைக்கப்பட்டன. அந்த வடிவத்தை இயக்கும் உரிமையை மட்டும் பிறருக்கு வழங்கலாம். அட்டவணையின் மீது அவருக்கு உரிமை இருக்க வேண்டியதில்லை. ஆனால் நிரலின் மற்றப் பகுதி தகவல் தளத்துக்கு வெளியே இருந்தது. முழுச் செயல்முறையும் உள்ளே குடியேறவில்லை.

செயல்முறை உள்ளே வந்தது

மார்க் ஹாஃப்மன், பாப் எப்ஸ்டைன் ஆகியோர் 1984இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சைபேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 1987இல் அவர்கள் வெளியிட்ட தகவல் தளத்தில், செயல்முறைகளை அட்டவணைகளுடன் சேர்த்துத் தகவல் தளத்தினுள்ளேயே சேமித்து வைக்க முடிந்தது. பல சிறு கணிப்பொறிகள் கம்பி வழியே ஒரு மையக் கணிப்பொறியை அணுகும் முறை அப்போது பரவி வந்தது. ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே அனுப்புவதை விட, 'இந்தச் செயல்முறையை இயக்கு' என்று ஒரே வரியில் அனுப்புவது விரைவானது. வேகத்துக்காகவே பலர் இதை விரும்பினர். பாதுகாப்பும் அதனுடன் வந்து சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். வங்கியின் தகவல் தள நிருவாகி 'பணம்_எடு' என்று ஒரு செயல்முறை எழுதுகிறார். அதற்குக் கணக்கு எண்ணும் தொகையும் கொடுக்க வேண்டும். அது முதலில் தொகை பூச்சியத்தை விடப் பெரியதா என்று பார்க்கும். பிறகு கணக்கில் போதிய இருப்பு உள்ளதா என்று பார்க்கும். இருந்தால் இருப்பைக் குறைக்கும். யார், எப்போது, எவ்வளவு எடுத்தார் என்பதை வேறோர் அட்டவணையில் பதியும். இடையில் ஏதேனும் ஒன்று தவறினால் செய்த அனைத்தையும் பழைய நிலைக்கே கொண்டுவரும்.

பின்னர் நிருவாகி ஒரே ஒரு கட்டளை இடுகிறார்: 'கிராண்ட் எக்ஸிக்யூட் ஆன் பணம்_எடு டு காசாளர்'. பணம்_எடு என்ற செயல்முறையை இயக்கும் அனுமதியைக் காசாளருக்கு வழங்குக என்பது இதன் பொருள். 'கணக்குகள்' அட்டவணையின் மீது காசாளருக்கு எந்த உரிமையும் தரப்படவில்லை. அவர் நேரடியாக இருப்பை மாற்ற முயன்றால் தகவல் தளம் மறுத்துவிடும். செயல்முறையை இயக்கினாலோ, வேலை நடக்கும். செயல்முறைக்கும் அட்டவணைக்கும் உரிமையாளர் ஒருவரே என்பதால், செயல்முறை அட்டவணையைத் தொடும்போது காசாளரின் உரிமை சோதிக்கப்படுவதில்லை. வாயிலில் ஒரு முறை சோதனை. உள்ளே உரிமையாளரின் அதிகாரம். மல்டிக்ஸின் வாயிலும், ரிச்சியின் ஒற்றைப் பிட்டும் இங்கே மறுபிறவி எடுத்ததைக் காண்கிறீர்கள் அல்லவா?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சைபேஸுடன் 1988இல் கூட்டுச் சேர்ந்ததை அறிவித்து, 1989இல் இதே தகவல் தளத்தைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தது. ஆரக்கிள் நிறுவனம் 1992இல் தன் 7ஆம் பதிப்பில் சேமித்த செயல்முறைகளைச் சேர்த்தது. எஸ்.க்யூ.எல். மொழிக்கான பன்னாட்டுத் தரத்தில் இவற்றுக்கென ஒரு பகுதி 1996இல் வெளியாயிற்று.

கணக்கர்கள் அறிந்த உண்மை

சைபேஸ் தயாரிப்பு வெளிவந்த அதே 1987இல், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கிளார்க்கும், கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த டேவிட் வில்சனும் சேர்ந்து ஒரு கட்டுரை படித்தனர். இராணுவத்தின் கவலை வேறு, வணிகத்தின் கவலை வேறு என்பது அவர்கள் வாதம். இராணுவத்துக்கு இரகசியம் வெளியே போகக்கூடாது. வணிகத்துக்கோ கணக்கு பொய்யாகக்கூடாது.

கணக்கு பொய்யாகாமல் காக்க வணிகர்கள் நெடுங்காலமாகவே இரண்டு வழிகளைக் கையாண்டு வந்தனர். ஒன்று, இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். மற்றொன்று, வேலைப் பிரிவு. சரக்குக்கு ஆணை தருபவர் ஒருவர்; சரக்கைப் பெறுபவர் வேறொருவர்; பணம் கொடுப்பவர் மூன்றாமவர்.

கிளார்க்கும் வில்சனும் இதைக் கணிப்பொறிக்குப் பொருத்தினர். காக்க வேண்டிய தகவலை எவரும் நேராகத் தொடக்கூடாது. சரிபார்த்துச் சான்றளிக்கப்பட்ட செயல்முறைகள் மட்டுமே தொட வேண்டும். இன்னார், இந்தச் செயல்முறை கொண்டு, இந்தத் தகவலை மாற்றலாம் என்று மூன்றையும் சேர்த்தே அனுமதி வழங்க வேண்டும். செயல்முறைக்குச் சான்றளிப்பவரே அதை இயக்குபவராகவும் இருக்கக்கூடாது. 'பணம்_எடு' செயல்முறையில் நாம் கண்டதும் இதுதானே!

ஏமாந்த காரியஸ்தர்

இதுவரை படித்ததும், சிக்கல் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று தோன்றலாம். தீரவில்லை. உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும் நிரலை வெளியார் ஒருவர் ஏமாற்றிவிட்டால் என்ன ஆகும்?

நார்ம் ஹார்டி என்ற அமெரிக்கர் 1988இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியை விவரித்தார். டைம்ஷேர் என்ற நிறுவனம் தன் கணிப்பொறியைப் பலருக்கும் கட்டணத்துக்கு விட்டுவந்தது. அங்கே ஃபோர்ட்ரான் மொழிபெயர்ப்பு நிரல் ஒன்று இருந்தது. அது தன் பயன்பாடு பற்றிய புள்ளிவிவரங்களைக் குறித்து வைக்கவேண்டி, அமைப்பின் தனிக் கோப்பகத்தில் எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. பயனர் விரும்பினால், பிழை காண உதவும் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுதலாம் என்று ஒரு பெயரும் கொடுக்கலாம். ஒரு பயனர், கட்டணக் கணக்குகள் இருந்த கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டார். அந்தக் கோப்பும் அதே தனிக் கோப்பகத்தில்தான் இருந்தது. பயனருக்கு அதில் எழுத உரிமை இல்லை; நிரலுக்கு உண்டு. நிரல் தயங்காமல் எழுதியது. கட்டணக் கணக்கு அழிந்துபோயிற்று.

இத்தகைய நிரலை ஹார்டி, குழம்பிப்போன காரியஸ்தர் என்று குறிப்பிட்டார். காரியஸ்தர் நேர்மையானவர். ஆனால் தம் கையிலுள்ள அதிகாரங்களுள் எது முதலாளி தந்தது, எது வந்தவரின் வேண்டுகோளுக்காகப் பயன்படுவது என்று அவருக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

சேமித்த செயல்முறைகளிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு செயல்முறை, பயனர் தந்த சொற்களை அப்படியே ஒட்டி, புதியதோர் எஸ்.க்யூ.எல். கட்டளையைத் தயாரித்து இயக்குகிறது என்று கொள்வோம். கணக்கு எண் கேட்கும் இடத்தில் ஒருவர் '101' என்று எழுதாமல் '101 அல்லது 1 = 1' என்ற பொருள்படும் தொடரை எழுதிவிடுகிறார். 1 எப்போதும் 1க்குச் சமம். ஆகவே நிபந்தனை எல்லா வரிசைகளுக்கும் பொருந்திவிடும்! ஒருவர் கணக்கு குறைய வேண்டிய இடத்தில் ஊரார் கணக்கெல்லாம் குறையும். தகவலாக வர வேண்டியது கட்டளையாக நுழைந்துவிடும் இந்தத் தாக்குதல் முறை பற்றிய விளக்கம், 1998 டிசம்பரில் 'ஃப்ராக்' என்ற மின்னிதழில் வெளியாயிற்று. அதைப் பின்னர் எஸ்.க்யூ.எல். ஊடுருவல் என்று அழைத்தனர்.

வேறொரு தந்திரமும் உண்டு. செயல்முறை ஓர் அட்டவணையை அதன் பெயரால் மட்டும் அழைக்கிறது. அந்தப் பெயரை எந்தெந்த இடங்களில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை இயக்குபவர் மாற்ற முடியுமானால், அதே பெயரில் தாமே ஒரு போலியை முன்னால் வைத்துவிடலாம். உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும் செயல்முறை போலியையே மெய்யென நம்பிவிடும். போஸ்ட்கிரஸ் தகவல் தளத்தில் இக்குறை 2007இல் கண்டறியப்பட்டு, தேடும் வரிசையைப் பாதுகாப்பாகக் கட்டுப்படுத்த வழி செய்யப்பட்டது.

யாருடைய அதிகாரம்?

ஆகவே, செயல்முறை யாருடைய அதிகாரத்தோடு இயங்க வேண்டும் என்பதை எழுதுபவரே தீர்மானிக்கட்டும் என்ற நிலைக்குத் தகவல் தளங்கள் வந்தன. எழுதி வைத்தவரின் அதிகாரம் ஒரு வகை. இயக்குபவரின் அதிகாரம் மற்றொரு வகை. ஆரக்கிள் முதலில் எழுதியவரின் அதிகாரத்தை மட்டுமே அறிந்திருந்தது. 1999இல் வந்த 8ஐ பதிப்பில் இயக்குபவரின் அதிகாரத்தையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. போஸ்ட்கிரஸில் இதற்கு நேர்மாறு. அங்கே இயல்பாக இருப்பது இயக்குபவரின் அதிகாரமே; 2002இல் வந்த 7.3 பதிப்பு எழுதியவரின் அதிகாரத்தையும் தேர்ந்தெடுக்க இடமளித்தது. மைக்ரோசாஃப்டின் தகவல் தளத்தில் 2005 பதிப்பு முதல், இன்னாருடைய அதிகாரத்தோடு இயங்குக என்று செயல்முறையிலேயே குறிக்கலாம். அதே 2005இல் சேமித்த செயல்முறைகளைப் பெற்ற மைஎஸ்க்யூஎல், வேறு கூறாவிட்டால் எழுதியவரின் அதிகாரத்தையே கொள்கிறது.

ஒரே கட்டளை ஒரு தகவல் தளத்தில் காவலாகவும், இன்னொன்றில் ஓட்டையாகவும் ஆகக்கூடும் என்பது இதனால் விளங்கும். எடுத்துக்காட்டாக, மைக்ரோசாஃப்டின் தகவல் தளத்தில் செயல்முறையினுள் ஒட்டித் தயாரிக்கப்பட்ட கட்டளை, வேறு ஏற்பாடு இல்லையேல், இயக்குபவரின் உரிமைப்படியே சோதிக்கப்படும். ஆரக்கிளில் எழுதியவரின் அதிகாரத்தோடு இயங்கும் செயல்முறையிலோ, அத்தகைய கட்டளையும் எழுதியவரின் அதிகாரத்தோடே ஓடும். போஸ்ட்கிரஸில் புதிதாக எழுதிய செயல்முறையை இயக்கும் அனுமதி, மறுக்காவிட்டால், எல்லாருக்கும் தானாகவே உண்டு. அனுமதிக்கப்படாதது மறுக்கப்பட்டதே என்ற நெறியைச் சற்றுமுன் நினைவில் வைத்தோமே, அதற்கு இது மாறானது. எனவே 'கிராண்ட்' கட்டளைக்கு முன்பாக, எல்லாரிடமிருந்தும் அனுமதியைத் திரும்பப் பெறும் 'ரிவோக்' கட்டளை அங்கே தேவை.

மாணவர்களுக்கு ஒரு சொல்

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் 'கிராண்ட்' கட்டளையை ஒரே வகுப்பில் கற்றுவிடலாம். பிழைச் செய்தி வந்தவுடன் எல்லா உரிமைகளையும் எல்லாருக்கும் வழங்கிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும் ஆசையும் உடன் வரும். அந்த ஆசைக்கு இடந்தரும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவருக்கு வேண்டியது அட்டவணையா, வேலையா? வேலைதான் எனில், அதற்கு ஒரு செயல்முறை எழுதிவிட்டு, அதை இயக்கும் அனுமதியை மட்டும் தாருங்கள். செயல்முறை யாருடைய அதிகாரத்தோடு இயங்குகிறது? பயனர் தரும் சொல் எங்கேனும் கட்டளையாக மாறுகிறதா? அந்த அதிகாரத்துக்குச் சொந்தக்காரர், இந்த வேலைக்குத் தேவையானதை விட மிகுதியான உரிமைகளை வைத்திருக்கிறாரா?

செயல்முறை எழுதுபவரின் பொறுப்பு பெரிது. காசாளருக்கு நாம் கொடுக்காத அதிகாரம் மறைந்து போய்விடவில்லை. அந்தச் செயல்முறையின் ஒவ்வொரு வரியிலும் அது தங்கியிருக்கிறது. வரிகள் சரியாக இருக்கும்வரை உங்கள் 5,000 ரூபாயும் சரியாக இருக்கும்.